தண்டல் கணக்கும் பேங்க் இன்டர்வியூவும்

பேங்க் வேலைக்கு எப்படி வந்தீங்கன்னு கேட்டதுக்கு, இங்க நிறைய பேர் சிஏ, எம்பிஏ முடிச்சு வந்த அனுபவம் எழுதிருக்கீங்க. எங்க வீட்ல அப்படி யாரும் இல்ல. அப்பா கோயம்பேடு மார்க்கெட்ல மூட்டை தூக்குறவரு, அம்மா அங்கேயே சரக்கு எடுத்து தெருத்தெருவா காய்கறி விப்பாங்க. வட்டின்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சதே தண்டல்காரர், அதாவது தினத் தவணைக்கு கடன் குடுக்குறவரு, வந்து போனதாலதான்.

10,000 கேட்டா 1,500 புடிச்சிகிட்டு 8,500 குடுப்பாங்க, தினம் 100 ரூபா 100 நாள் கட்டணும்.

பேங்க் பிஓ (ப்ரொபேஷனரி ஆபீசர்) இன்டர்வியூல குடும்பத் தொழில் என்னன்னு கேட்டாங்க, மறைக்காம சொன்னேன். வியாபாரத்துக்கு முதல் எங்கேர்ந்து வருதுன்னு ஒரு மேடம் கேட்டாங்க, தண்டல் பத்தி சொன்னேன். "15 சதவீதம்தானே"ன்னாரு பக்கத்துல இருந்த சார். இல்ல சார், கைக்கு வர்றதே 8,500, அதுவும் மறுநாளே திரும்பிப் போக ஆரம்பிச்சிடுது, சராசரியா பாத்தா அதுல பாதிதான் அம்மாகிட்ட இருக்கும், அந்தப் பாதிக்குத்தான் 100 நாள்ல 1,500 வட்டி, வருஷத்துக்குப் போட்டா 120 சதவீதத்தத் தாண்டும்னு சொன்னேன். ப்ளஸ் டூ படிக்கும்போதே அம்மாவுக்காக நோட்டுல போட்டுப் பாத்த கணக்கு அது. அப்புறம் அவங்க வேற எதுவும் பெருசா கேக்கல, மேடம் மட்டும் அந்தக் கணக்க பேப்பர்ல எழுதிக் காட்டச் சொன்னாங்க.

வேலைக்கு வந்தப்புறம் 2020ல மத்திய அரசோட ஸ்வநிதி கடன் திட்டம் வந்துச்சு. தெரு வியாபாரிங்களுக்கு ஜாமீன் இல்லாம அப்போ முதல்ல 10,000, ஒழுங்கா கட்டுனா 20,000, அடுத்து 50,000ன்னு குடுத்தாங்க, தவணை தவறாம கட்டுறவங்களுக்கு 7 சதவீத வட்டி மானியம் வேற. பூ விக்கிற ஒரு பாட்டி ஃபார்ம்ல கைநாட்டு வெக்கிறதுக்கு முன்னாடி "எவ்ளோ புடிச்சிகிட்டு குடுப்ப பாப்பா?"ன்னு கேட்டாங்க. ஒண்ணும் புடிக்க மாட்டோம் பாட்டி, முழுசா உங்க கணக்குல ஏறும்னேன், நம்பவே இல்ல, திரும்பத் திரும்பக் கேட்டாங்க. பக்கத்து சீட்ல இருந்தவருக்கு அந்தக் கேள்வியே புரியல. எனக்குப் புரிஞ்சுது. இப்படிப்பட்டவங்க ஃபைல்னா நானே கேட்டு வாங்கி பாக்குறேன், பணம் ஏறுனதும் பாஸ்புக்ல என்ட்ரி போட்டுக் காட்டிட்டுதான் அனுப்புவேன்.

மேல ஒரு தம்பி பிஏ தமிழ் படிச்சா பேங்க் வேலை கிடைக்குமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா எழுதலாம் தம்பி, பிஓவுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும், வயசு 20லேர்ந்து 30, ஓபிசிக்கு 3 வருஷம், எஸ்சி எஸ்டிக்கு 5 வருஷம் தளர்வு உண்டு. பரீட்சைல தப்பான பதிலுக்கு அந்தக் கேள்வியோட மார்க்ல கால் பங்கு போகும், அதனால தெரியாதத விட்டுடுங்க. கணக்குல எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க, ஞாயித்துக்கிழமைல உக்காந்து சொல்லித் தரேன்.