டி. என். சேஷன்: தேர்தல் ஆணையத்துக்கு முந்தைய பணிக்காலம்

கேள்வி: டி. என். சேஷன் என்றதும் 1990 முதல் 1996 வரை அவர் கண்டிப்பான தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்ததைத்தான் அனைவரும் பேசுகிறார்கள். 1955-ஆம் ஆண்டு பேட்ச் ஐ.ஏ.எஸ். அதிகாரியான அவர் அதற்கு முன் வகித்த பொறுப்புகள், அந்தக் கண்டிப்புக்கு எந்த அளவுக்கு அடித்தளமாக இருந்தன?

பதில் 1: பெரிய அளவுக்கு என்பேன். திண்டுக்கல்லில் சப் கலெக்டர், பின்னர் மதுரை கலெக்டர் என்று களத்தில் வளர்ந்தவர் அவர். சென்னையில் போக்குவரத்து இயக்குநராக இருந்தபோது, இன்ஜினைப் பற்றித் தெரியாதவருக்கு ஓட்டுநர்களின் கஷ்டம் எப்படிப் புரியும் என்று ஒருவர் கேட்டுவிட, பணிமனைக்கே போய் இன்ஜினைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டு, பயணிகளோடு பேருந்தையும் ஓட்டினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. கோப்பை மட்டும் நம்பி உத்தரவிடாத அந்தக் குணம்தான் பின்னாளிலும் கைகொடுத்தது என்று நினைக்கிறேன்.

பதில் 2: உடன்படுகிறேன் ஐயா, ஆனால் டெல்லி ஆண்டுகளை விட்டுவிடக் கூடாது. அணுசக்தி, விண்வெளி, சுற்றுச்சூழல், பாதுகாப்பு ஆகிய துறைகளில் பணியாற்றி 1989-இல் அமைச்சரவைச் செயலாளரானவர், அதே ஆண்டு ஆட்சி மாறியதும் திட்டக் குழுவுக்கு அனுப்பப்பட்டார். அரசு இயந்திரம் எங்கே வளையும் என்பதை உள்ளிருந்தே அறிந்திருந்ததால்தான், தேர்தல் பணியில் உள்ள அதிகாரிகள் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக 1993-இல் தேர்தல்களையே நிறுத்திவைக்கத் துணிந்தார்.

பதில் 3: அதே ஆண்டு அக்டோபரில் மேலும் இரு ஆணையர்கள் நியமிக்கப்பட்டதையும், அதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லும் என்று தீர்ப்பளித்ததையும் சேர்த்துப் படியுங்கள்.