172 கட்-ஆஃபை வைத்துக்கொண்டு கிண்டியை சாய்ஸில் போடலாமா?

கேட்டவர்: வெயிலுகந்தாள்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம். அரசுப் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். கணக்கு 88, இயற்பியல் 82, வேதியியல் 86. கணக்கை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கான கட்-ஆஃப் 200-க்கு 172.

ரிசல்ட் வந்த அன்று காலையில் எங்கள் குரூப்பில் நான்தான் ஃபர்ஸ்ட். ஹெச்.எம். மிஸ் சால்வை போட்டார். அரையாண்டுக்கு அப்புறம் எங்களுக்கு ஃபிசிக்ஸ் டீச்சரே கிடையாது. யூடியூப் பார்த்துத்தான் படித்தோம். அதனால் அந்த 82 எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மிக்சரும் ஜாங்கிரியும் வாங்கிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் பெரியம்மா மகளுடைய மார்க் தெரிந்தது. கட்-ஆஃப் 197.5. அவள் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அவள் பள்ளி பேப்பரில் கொடுத்த விளம்பரத்தில் தபால்தலை அளவுக்கு அவள் போட்டோ இருக்கிறது. பெரியப்பா அதை வெட்டி லேமினேட் போட்டு டிவிக்கு மேலே வைத்துவிட்டார். அவள் நல்லவள்தான், மண்டைக்கனம் எதுவும் கிடையாது. “கவுன்சலிங் டவுட்டெல்லாம் கேட்டுக்கலாம்”னு அவள் கிளாஸ் வாட்ஸாப் குரூப்பில் என்னையும் சேர்த்துவிட்டாள். அங்கேதான் பிரச்சினை.

அந்தக் குரூப்பில் எல்லோருக்கும் 190-க்கு மேல். ஒருத்தன் ஜே.இ.இ. பர்சன்டைல் போடுகிறான். ஒருத்தி நாட்டா நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு அடுத்து பிட்சாட் என்கிறாள். ஒருத்தன் பத்தாவதிலேயே மொபைல் ஆப் செய்திருக்கிறானாம். பேச்சு முழுக்க இங்கிலீஷ். “உன் கட்-ஆஃப் என்ன?”ன்னு ஒருத்தி கேட்டாள். 172-ன்னு டைப் பண்ணிவிட்டு அழித்துவிட்டேன். எப்படியோ தெரிந்துபோய், “உனக்கென்னப்பா, 7.5 இருக்கே!”ன்னு ஒருத்தன் சிரிக்கிற பொம்மை போட்டான். அதற்கு இருபது பேர் சிரிப்பு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டைத்தான் சொல்கிறான்.

அன்றிலிருந்து சால்வையைப் பார்த்தாலே கூச்சமாக இருக்கிறது. இத்தனை நாள் கிணற்றுத் தவளையாகத்தான் இருந்திருக்கிறேனோ என்று தோன்றுகிறது. கிண்டி, குரோம்பேட்டை என்று அண்ணா பல்கலைக்கழகத்தின் சென்னை காலேஜ்களை எல்லாம் சாய்ஸில் போட்டால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? 7.5-இல் சேர்ந்தால் நாலு வருஷமும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளுமா? இதற்கு நடுவில் ஒரு தனியார் காலேஜிலிருந்து ஆள் வந்தார். “இந்த மார்க்குக்கு கவுன்சலிங்ல ஒண்ணும் கிடைக்காது, அட்வான்ஸ் கட்டி ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைக் கொடுத்துடுங்க”ன்னு சொன்னார். அப்பா யோசிக்கிறார். எனக்கும் அதுதான் நமக்குச் சரிப்பட்டு வருமோ என்று இருக்கிறது.

பதில்: ராஜாமடம் பழைய மாணவன்

தங்கச்சி, முதலில் ஒன்று. ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதே. அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. சர்ட்டிஃபிகேட்டைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டுமே தவிர, எந்தக் காலேஜும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. தொழில்நுட்பக் காலேஜ்களுக்கு விதி போடுகிற ஏ.ஐ.சி.டி.இ.-யின் விதி அது. அட்வான்ஸும் வேண்டாம். அந்த ஆளுக்கு ஒரு தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் இருக்கும். உன் மார்க் குறைவு என்று உன்னை நம்ப வைப்பதுதான் அவர் பிழைப்பு.

அப்புறம் சாய்ஸ். அதைப் பார்த்துச் சிரிக்க அங்கே ஆளே கிடையாது, கம்ப்யூட்டர்தான். நான் 2014-இல் சேர்ந்தபோது எல்லோரும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். மஞ்சப்பையும் ஃபைலுமாக அப்பா அம்மாவோடு கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்போம். திரையில் காலியிடம் குறைந்துகொண்டே வரும். உள்ளே கூப்பிட்டதும் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து காலேஜ் பெயரைச் சொல்ல வேண்டும். அப்போது கூச்சப்பட்டிருந்தால் அர்த்தம் உண்டு. 2018-இலிருந்து எல்லாம் ஆன்லைன். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம். நீ முதலில் போட்டது கிடைக்கவில்லை என்றால் மென்பொருள் அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். மேலே கிண்டியைப் போட்டதால் கீழே போட்ட காரைக்குடிக்கு உன் வாய்ப்பு துளியும் குறையாது. ஆனால் போடாமல் விட்ட காலேஜ், உன் ரேங்குக்கு இடம் காலியாக இருந்தாலும் உனக்குக் கிடைக்காது. ரேங்க் சொல்ல வேண்டிய ‘இல்லை’யை நீயே முந்திக்கொண்டு சொல்லாதே.

இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைகளைப் பற்றியும் சொல்கிறேன். எங்கள் அப்பா தச்சு ஆசாரி. நான் தமிழ் மீடியம். பட்டுக்கோட்டை ராஜாமடத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியில்தான் படித்தேன். முதல் செமஸ்டரில் மேத்ஸ் வகுப்பு எனக்கு வெறும் சத்தமாகத்தான் கேட்டது. ஆனால் இன்ஜினியரிங் கிராபிக்ஸ் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. ஒரு கட்டையைச் சாய்த்து அறுத்தால் வெட்டுமுகம் எப்படி இருக்கும் என்று பென்சிலால் வரைய வேண்டும். பட்டறையிலேயே வளர்ந்தவனுக்கு அது என்ன கஷ்டம்? பெரிய மார்க் வாங்கியவர்கள் ராத்திரி ஷீட்டைத் தூக்கிக்கொண்டு என் ரூமுக்கு வந்தார்கள். பதிலுக்கு அவர்கள் எனக்கு மேத்ஸ் சொல்லிக் கொடுத்தார்கள். கட்-ஆஃப் எவ்வளவு என்று தீபாவளி லீவுக்கு அப்புறம் யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

பதில்: கணக்கு டீச்சர்

பாப்பா, நான் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். வருஷா வருஷம் கவுன்சலிங் உதவி மையத்துக்கும் டியூட்டி போடுவார்கள். உன்னை மாதிரிப் பிள்ளைகளை அங்கே நிறையப் பார்க்கிறேன். “மிஸ், அந்தக் காலேஜெல்லாம் வேண்டாம், பக்கத்துல இருக்கிறதை மட்டும் போடுங்க” என்பார்கள். பயமா என்று கேட்டால் இல்லை என்பார்கள். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால், சித்தப்பா மகனோ எதிர்வீட்டுப் பையனோ வெளியே வருவான்.

197.5 எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள். பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, பிளஸ் டூ புத்தகத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைக்கிற பள்ளிகள் இங்கே இருந்தன. அதைத் தடுக்கத்தான் 2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். உன் அக்காவோ தங்கையோ, அவள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. காலை ஐந்து மணி ஸ்டடியில் உட்கார்ந்த பிள்ளை அது. ஆனால் மாதிரித் தேர்வு மேல் மாதிரித் தேர்வு எழுதி வாங்கிய மார்க்கையும், ஃபிசிக்ஸ் டீச்சரே இல்லாமல் வாங்கிய 82-ஐயும் ஒரே தராசில் வைக்கலாமா? அப்படி வைக்கக் கூடாது என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டதுதான் 7.5.

அது சலுகை என்று நினைத்துக் கூசாதே. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பொறியியலுக்கு ஏன் இவ்வளவு குறைவாக வருகிறார்கள் என்று பார்க்க நீதிபதி முருகேசன் தலைமையில் ஆணையம் வைத்தார்கள். அதன் பிறகு 2021-இல் சட்டமே போட்டார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அந்த இடத்தில் சேர்ந்தால் டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் அரசாங்கமே கட்டும். பொதுத் தரவரிசையிலும் உன் பெயர் இருக்கும், 7.5-க்கான தனித் தரவரிசையிலும் இருக்கும். நீ பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது ரேங்க். அதில் உன்னோடு நிற்பவர்கள் அந்த வாட்ஸாப் குரூப்பில் ஒருத்தர்கூட இல்லை.

பதில்: அனானி

எல்லாம் சரி. ஆனால் 192 எடுத்தவன் வெளியே நிற்க, 172 கேம்பஸ் உள்ளே போனால் அவனுக்கு வலிக்காதா? உள்ளே போனதும் அரியர் வைப்பதைத்தான் பார்க்கிறோம்.

பதில்: கணக்கு டீச்சர்

வலிக்கும்தான் தம்பி, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தனியார் கல்லூரிகளில் 35 சதவீதம் மேனேஜ்மென்ட் இடம், சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50. அதில் சேர்ந்தவர்களை யாராவது ‘கோட்டா’ என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அரியர் எல்லா வழியில் வந்தவர்களும் வைக்கிறார்கள்.

பதில்: நேராப் பேசுறவன்

மேலே எல்லோரும் தட்டிக்கொடுத்தாகிவிட்டது. நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். 172-க்கு கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது. 7.5-இலும் நம்பிக்கை வைக்காதே. போடு, காசா பணமா? கிடைக்காதபோது ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று அழாமல் இருந்தால் போதும்.

சாய்ஸ் போடுவதற்கு முன்னால் வேலை இருக்கிறது. டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங்) இணையதளத்தில் முந்தைய வருஷங்களின் கடைசி கட்-ஆஃப் இருக்கும், காலேஜ் வாரியாக, பாடப் பிரிவு வாரியாக, சாதிப் பிரிவு வாரியாக. உன் சாதிப் பிரிவுக்கான பத்தியை மட்டும் பார். ஓ.சி. (பொதுப் பிரிவு) பத்தியைப் பார்த்து மிரண்டுபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரே வருஷத்தைப் பார்க்காதே, இரண்டு மூன்று வருஷத்தைப் பார். கேள்வித்தாள் எளிதாக வந்த வருஷம் எல்லாம் மேலே ஏறிவிடும்.

இன்னொன்று. கிண்டி என்றால் கம்ப்யூட்டர், இ.சி.இ. மட்டும்தான் என்று யார் சொன்னது? 1794-இல் சர்வே பள்ளியாக ஆரம்பித்த இடம் அது. இன்றைக்கும் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் இருக்கிறது, மைனிங் இருக்கிறது, பிரின்டிங் அண்ட் பேக்கேஜிங் இருக்கிறது. பக்கத்திலேயே ஏ.சி. டெக் என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் செராமிக், லெதர், டெக்ஸ்டைல். குரோம்பேட்டையில் ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ். வாட்ஸாப் குரூப்பில் இந்தப் பெயர்களே வந்திருக்காது. உனக்குப் பிடிக்குமா என்று தெரியாது, ஆனால் என்னவென்று படித்துப் பார்க்காமல் தள்ளாதே. உன் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் காரைக்குடி இருக்கிறது. அழகப்பா செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி 1952-இலிருந்து நடக்கிறது. அதே ஊரில் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அங்கேயும் பி.டெக். உண்டு, கவுன்சலிங் வழியாகத்தான் சேர்க்கிறார்கள். பேட்டரி, அரிப்பு, முலாம் பூசுவது எல்லாம் அவர்கள் வேலை. உனக்கு வேதியியல் 86. இந்தப் பக்கம் செங்கிப்பட்டியில் தஞ்சாவூர் அரசுப் பொறியியல் கல்லூரி.

அந்த வாட்ஸாப் குரூப்பிலிருந்து இன்று ராத்திரியே வெளியே வா. சொல்லிக்கொண்டு வர வேண்டாம். 2025-இல் தரவரிசைப் பட்டியலில் இருந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். நீ பார்த்துப் பயந்தது ஒரே ஹாஸ்டலின் ஒரு வகுப்பறையை. 140 எடுத்தவர்கள் ஸ்டேட்டஸ் போடுவதில்லை, அவர்களும் கவுன்சலிங்குக்கு வருகிறார்கள்.

ராஜாமடத்துக்காரர் சொன்னதில் ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கட்-ஆஃப் பேச்சு தீபாவளியோடு போகும், ஆனால் ஒப்பிடுகிற பழக்கம் போகாது. அப்புறம் சி.ஜி.பி.ஏ., அப்புறம் பிளேஸ்மென்ட், அப்புறம் யார் வெளிநாடு போனார்கள் என்பது. எனக்கு வயது 41. போன வாரம்கூடப் பழைய வகுப்புத் தோழன் பதவி உயர்வு போட்டோ போட்டான், எனக்குச் சோறு இறங்கவில்லை. அதுபாட்டுக்கு இருக்கும். சாய்ஸ் போடுகிற அன்று அது பக்கத்தில் உட்காராமல் பார்த்துக்கொள், போதும்.

வெயிலுகந்தாள்

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். அந்த ஆள் மறுபடி வந்தபோது ஒரிஜினல் பள்ளியில் இருக்கிறது என்று அப்பா ஒரு பொய் சொல்லி அனுப்பிவிட்டார்.

பெரியம்மா மகளும் இதைப் படித்துவிட்டாள்! டிவி மேலே இருக்கிற லேமினேஷன் விஷயத்தை ஏன் எழுதினாய் என்று ஒரே சண்டை. அப்புறம் அவளே உட்கார்ந்து பழைய கட்-ஆஃப் எல்லாம் எக்செல் ஷீட்டில் போட்டுத் தந்தாள். குரூப்பிலிருந்து வந்துவிட்டேன், அவளும் ம்யூட்டில் போட்டிருக்கிறாளாம். கிண்டி ஜியோஇன்ஃபர்மேடிக்ஸையும் ஏ.சி. டெக் செராமிக்கையும் மேலே போட்டுப் பார்த்திருக்கிறேன். அதற்குக் கீழே சிக்ரி. இ.சி.இ.-க்கு மேலே சிக்ரியை வைக்கிறாயே, பைத்தியமா என்கிறாள். எனக்கு கெமிஸ்ட்ரிதான் பிடிக்கும், அதனால் மாற்றவில்லை. அந்தச் சிரிப்புப் பொம்மை மட்டும் இன்னும் கொஞ்சம் குத்துகிறது.

டீச்சர், ஒரு சந்தேகம். ஃபீஸ் சலுகைக்கான முதல் பட்டதாரி சான்றிதழுக்கு எங்கள் அண்ணன் இருப்பது பிரச்சினையா? புதுக்கோட்டையில் பி.ஏ. முடித்திருக்கிறான். அப்பா அம்மா யாரும் காலேஜ் போனதில்லை.

பதில்: கணக்கு டீச்சர்

அண்ணன் டிகிரி முடித்துவிட்டால் உனக்கு முதல் பட்டதாரி கிடைக்காது பாப்பா. அதற்காக அலையாதே. 7.5-இல் இடம் கிடைத்தால் ஃபீஸ் பற்றிக் கவலையே இல்லை. பொதுவில் அரசுக் கல்லூரி கிடைத்தாலும் ஃபீஸ் கம்மிதான். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், காலேஜில் சேர்ந்ததும் கேட்டு விண்ணப்பித்துவிடு. சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் இ-சேவை மையத்தில் புதிதாக எடுத்துக்கொள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றிதழில் ஹெச்.எம். கையெழுத்தும் சீலும் வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலும் வாங்க வேண்டும், லீவு நாள் பார்த்துப் போகாதே.