பனியன் துணியில் எம்பிராய்டரி சுருங்குகிறது: எந்த ஸ்டெபிலைசர் பொருந்தும்?

நூல்கண்டு (கேள்வி):
வணக்கம். வீட்டில் ஒற்றை ஊசி கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரம் வைத்து, ரவிக்கைகளுக்கும் விளையாட்டு அணிகளின் டி-ஷர்ட்டுகளுக்கும் வேலை செய்து கொடுக்கிறேன். ரவிக்கைத் துணியில் குறை வருவதில்லை. ஆனால் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பருத்திப் பனியன் துணியில் சின்னம் தைத்தால், ஹூப்பில் (துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தில்) இருக்கும்வரை தட்டையாகத் தெரியும் வேலை, கழற்றியதும் ஓரங்களில் சுருங்குகிறது. துவைத்தபின் வட்டச் சின்னம் நீள்வட்டமாகிவிடுகிறது. துணியைத் தாங்கும் ஸ்டெபிலைசராக, அடியில் கிழித்தெடுக்கும் பேப்பரை இரண்டு அடுக்காக வைக்கிறேன். மூன்றாக்கினால் சரியாகுமா? டர்க்கி டவலில் பெயர் தைக்கவும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு என்ன வைப்பது?

ஊசிமுனை:
அடுக்கைக் கூட்டினால் இது தீராது; பேப்பரின் வகையையே மாற்ற வேண்டும். நெய்த துணியில் பாவும் ஊடும் ஒன்றையொன்று பிடித்து நிற்கும். பனியன் துணியோ வளையங்களால் ஆனது என்பதால், ஒவ்வொரு தையலிலும் நூலின் இழுப்புக்கு அந்த வளையங்கள் இடம்கொடுத்துவிடுகின்றன. கிழித்தெடுக்கும் பேப்பர் தைக்கும் நேரத்துக்கு மட்டுமே துணை. சாட்டின் தையலின் (நெருக்கமாக அடுத்தடுத்துப் போகும் பளபளப்பான தையலின்) ஓரத்தில் ஊசித் துளைகள் நெருங்கி விழுவதால், சில சமயம் வேலை முடியும் முன்பே அது அந்தக் கோட்டில் அறுந்து துணியைக் கைவிட்டுவிடும். மிஞ்சியதையும் நாம் கிழித்து எறிந்தபின், துவைக்கும்போது சின்னத்தைத் தாங்க எதுவுமே இருக்காது. ஆகவே ஆடையின் ஆயுள் முழுவதும் உள்ளேயே தங்கும் வெட்டியெடுக்கும் வகை, அதாவது கட்-அவே, உங்களுக்குத் தேவை. 2.5 அவுன்ஸ் என்று விற்பது ஏறக்குறைய 85 ஜிஎஸ்எம். உங்கள் துணிக்கு அதில் ஓர் அடுக்கே போதும்.

ஹூப் போடும் முறையும் இதற்கு இணையாக முக்கியமானது. ஸ்டெபிலைசரை ஹூப்பின் எல்லாப் பக்கமும் வெளியே நீளும் அளவுக்கு வெட்டி, அதன்மேல் தற்காலிகப் பசை ஸ்பிரேயை லேசாக அடித்து, துணியை இழுக்காமல் படியவைத்து, இரண்டையும் சேர்த்து மாட்டுங்கள். ஹூப்பில் மாட்டியபின் துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்படி நீட்டிய துணி, கழற்றியதும் தன் அளவுக்குத் திரும்பும்போது சின்னத்தைச் சுருக்கிவிடும். முடிந்தபின் பின்பக்கம் தையலைச் சுற்றி அரை முதல் ஒரு சென்டிமீட்டர் விட்டு, மூலைகளை வளைத்து வெட்டுங்கள். ஊசியும் 75/11 அளவில், முனை உருண்ட பால் பாயின்ட் ஆக இருக்கட்டும். கூர்முனை ஊசி வளையங்களை அறுத்து ஓட்டை விழச் செய்யும்.

வெள்ளைப்பருத்தி:
மேலே சொன்னதோடு எனக்கு ஓரிடத்தில் மாற்றுக் கருத்து உண்டு. வெள்ளை அல்லது மெல்லிய டி-ஷர்ட்டில் அவ்வளவு கனமான கட்-அவே வைத்தால், வெட்டிய சதுரம் முன்பக்கம் நிழலாகத் தெரியும். அங்கே நைலான் வலை போன்ற மெஷ் ஸ்டெபிலைசரை இரண்டு அடுக்காக, ஒன்றன்மேல் ஒன்றைக் குறுக்காகத் திருப்பி வைப்பதே நல்லது; உடலில் உறுத்தாது, தொங்கும் இயல்பும் கெடாது. குழந்தைகள் ஆடையாக இருந்தால், உள்பக்கத்தில் மென்மையான ஒட்டுத்துணியை இஸ்திரியால் ஒட்டித் தையல் முடிச்சுகளை மறைத்துவிடுங்கள்.

நூல்கண்டு:
மிக்க நன்றி. அணியின் டி-ஷர்ட் கருநீலம் என்பதால் கட்-அவேயே வாங்கிவிடுகிறேன். டவலுக்கும் அதையே வைக்கலாமா?

பட்டுநூல்:
டவலின் பின்பக்கமும் கண்ணில் படும் என்பதால், அங்கே கிழித்தெடுக்கும் வகையே பொருந்தும். துணியும் நெய்தது, நீளாது. டவலில் உண்மையான சிக்கல் மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. நூல் வளையங்கள் தையலுக்கு இடையே எழும்பி எழுத்துகளை விழுங்கிவிடும். அதைத் தடுக்க, நீரில் கரையும் மெல்லிய படலத்தை மேலே விரித்துத் தைத்து, முடிந்ததும் பெரிய துண்டுகளைக் கையால் எடுத்துவிட்டு, மீதியை வெதுவெதுப்பான நீரில் கரைத்துவிடுங்கள். மிக மெல்லிய எழுத்துகளைத் தவிர்த்து, சற்றுத் தடித்த எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தால், பலமுறை துவைத்தபின்னும் பெயர் வாசிக்கும்படி இருக்கும். இந்தப் படலம் பாலிவினைல் ஆல்கஹாலால் ஆனது; ஈரக்காற்றுப் பட்டால் ஒட்டும், நீண்ட நாள் திறந்து கிடந்தால் காய்ந்து நொறுங்கும். காற்றுப் புகாத பையில் வைத்திருங்கள்.

ரவிக்கை வேலையும் செய்வதாகச் சொன்னீர்கள். ஆர்கன்சா போன்ற ஊடுருவித் தெரியும் துணிக்கு, அடியில் வைக்கும் நீரில் கரையும் ஸ்டெபிலைசர் மிக அழகாக உதவும். நீர் பட்டால் கறை தங்கும் பட்டில் மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஊசிமுனை:
ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்டெபிலைசரை மாற்றியும் சுருக்கம் மீதமிருந்தால், டிசைன் கோப்பைப் பாருங்கள். சாதாரண 40 எண் நூலுக்கு, வரிசைகளுக்கு இடையே 0.4 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதைவிட நெருக்கமாக இருந்தால் எந்தப் பேப்பரும் தாங்காது. அடித்தையல் (மேல்தையலுக்கு முன் அடியில் விழும் தையல்) இருக்கிறதா என்றும், தையல் நடுவிலிருந்து வெளியே போகிறதா என்றும் பார்த்துவிட்டு, அதே பனியன் துணியின் வெட்டுத் துண்டில் தைத்து, துவைத்துக் காயவைத்தபின் டி-ஷர்ட்டில் கை வையுங்கள்.