வாங்கியபடியே துல்லியமாகச் சுடும் வேட்டை றைபிள் எது? (ஒன்ராறியோ, மான்)

நெடுந்தீவான்:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்காபரோவில் இருக்கிறேன். துவக்கு வாங்கி வைத்திருப்பதற்கான பிஏஎல் உரிமம் கையில் இருக்கிறது, வேட்டைக் கல்விப் பாடமும் முடித்துவிட்டேன். வருகிற நவம்பரில் வேலையிடத்து நண்பர்களோடு பான்குராஃப்ட் பக்கம் வெள்ளைவால் மானுக்குப் போவதாக முடிவு. இனிச் சொந்தமாக ஒரு துவக்கு வாங்க வேண்டும்.

அவர்களிடம் கேட்டால், "எதையாவது வாங்கு, பிறகு விசையை மாற்று, தோளில் அணைக்கும் ஸ்டாக்கை மாற்று, இரும்பு அதில் ஆடாமல் உட்காரப் பிசின் ஊற்றி பெட்டிங் செய்" என்கிறார்கள். நான் இருப்பது அடுக்குமாடியில், கருவிகளும் கிடையாது. கடையிலிருந்து கொண்டுவந்து ஸ்கோப் பூட்டியதும் நேராகச் சுட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஸ்கோப்பைச் சேர்க்காமல் 1,500 டொலர் வரை செலவழிப்பேன். டிக்கா டி3எக்ஸ், ஹோவா 1500, சாவேஜ் 110, ரூகர் அமெரிக்கன் என்று நாலைந்து பெயர்கள் காதில் விழுகின்றன. எதை எடுக்கலாம்? தோட்டாவில் .308 நல்லதா, 6.5 கிரீட்மோர் நல்லதா?

கல்கரி வாசன்:

டிக்கா. யோசிக்கவே வேண்டாம். வடக்கில் ரோந்து போகும் கனேடியன் ரேஞ்சர்களுக்கு, அவர்கள் 1947 முதல் வைத்திருந்த லீ என்ஃபீல்டுக்குப் பதிலாக, 2018இலிருந்து கொடுக்கும் சி-19 துவக்கே டிக்கா டி3எக்ஸ் ஆர்க்டிக்தான். தோட்டா .308. அந்தக் குளிரில் அவர்களுக்குச் சரிவந்தது பான்குராஃப்டில் உங்களுக்குச் சரிவராதா?

சட்பரிக்காரன்:

நெடுந்தீவான் தம்பி, உங்கள் நண்பர்கள் சொல்வது ஒரு காலத்தில் நியாயமான பேச்சு. வால்நட் மர ஸ்டாக் மழையில் ஊறி முறுகும், குழலை ஒரு பக்கமாகத் தள்ளும். ஒக்டோபரில் சுடுதளத்தில் சரிபார்த்த துவக்கு நவம்பர் ஈரத்தில் வேறு இடத்தில் அடிக்கும். வழக்குக்குப் பயந்து கம்பனிகள் விசையையும் விரல் நோகும் அளவுக்குக் கனமாக வைத்து அனுப்பின. அதனால் வாங்கிய கையோடு துவக்குத் திருத்துபவரிடம் கொண்டுபோவது வழக்கமானது. 2000களின் தொடக்கத்தில் சாவேஜ், வாங்கியவரே பாரத்தைக் குறைத்துக்கொள்ளும் அக்யூட்ரிகர் விசையைப் போட்டது. அதன் பிறகு மற்றவர்களும் நல்ல விசை கொடுத்தே ஆகவேண்டியதாயிற்று.

நான் சுரங்க இயந்திரங்களுக்குப் பாகம் கடையும் பட்டறையில் வேலை செய்கிறேன். அதனால் துவக்கைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது, இரும்புப் பாகம் ஸ்டாக்கில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். சுடும்போது இரும்புப் பாகம் பின்னால் பாயும். அதைத் தாங்க ஒரு கட்டி இருக்கும். அந்தக் கட்டி ஒவ்வொரு வேட்டுக்கும் அதே இடத்தில் திரும்ப வந்து பொருந்தினால் சன்னமும் அதே இடத்துக்குப் போகும். ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தாலும் இலக்கில் தெரிந்துவிடும். டிக்காவில் இந்தக் கட்டி தனித் துண்டாக ஸ்டாக்கில் பதிந்திருக்கும், மேலே உள்ள பாகத்தின் வெட்டு அதன்மேல் உட்காரும். பழைய டி3இல் அது அலுமினியம், டி3எக்ஸில் உருக்கு. ஹோவாவில் கட்டி உடலோடு ஒன்றாகவே வரும், அடிப்பக்கம் தட்டையாக இருப்பதால் அழுத்தமாக அமரும். ரூகர் அமெரிக்கனில் ஸ்டாக்குக்குள் 'வி' வடிவ உருக்குத் துண்டுகள் வைத்திருக்கிறார்கள். வழி வேறு, நோக்கம் ஒன்று. முன்பு திருத்துபவர் பிசின் ஊற்றிச் செய்த வேலையைத் தொழிற்சாலையே செய்து அனுப்புகிறது.

கடையில் நீங்களே பார்க்கக்கூடியவை: குழலுக்கும் ஸ்டாக்கின் முன்பகுதிக்கும் நடுவே ஒரு தாள் துண்டை விட்டு, தோட்டா அறை வரைக்கும் தடையில்லாமல் போகிறதா என்று பாருங்கள். அப்புறம் முன்பகுதியைக் குழலோடு சேர்த்து விரலால் நெரியுங்கள். விலை குறைந்த பிளாஸ்டிக் ஸ்டாக் சில வளைந்து குழலில் முட்டும். மேசையில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டால் இது தெரியாது. காட்டில் மரக்கிளையில் சாய்த்துச் சுடும்போதுதான் சன்னம் விலகும். விசையையும் கடைக்காரரிடம் கேட்டு, வெறும் துவக்கில் இழுத்துப் பாருங்கள். இழுவையில் கரகரப்பு இருந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

உத்தரவாதத்தை நிதானமாக வாசியுங்கள். டிக்கா தருவது மூன்று வேட்டுக்கு ஒரு எம்ஓஏ, அதாவது 100 மீற்றரில் சுமார் 2.9 செ.மீ. அகலத்துக்குள் மூன்று ஓட்டையும் விழவேண்டும். பின்லாந்தின் ரீஹிமாகியில் அதே ஆலையில் அதே நிறுவனம் செய்யும் சாக்கோ துவக்குக்கு ஐந்து வேட்டு. சாக்கோவின் கூடுதல் விலையில் அதுவும் அடங்கும். ஆனால் மானின் நெஞ்சுப் பகுதி ஒரு சோற்றுக்கோப்பை அளவு. பான்குராஃப்ட் காட்டில் 100 மீற்றருக்கு மேல் கண் போகும் இடமே குறைவு. ஒரு எம்ஓஏ அங்கே தாராளம். வேட்டைக்கு அதைவிட முக்கியம், ஆறிய குழலிலிருந்து போகும் முதல் வேட்டு எங்கே விழுகிறது என்பது. ஒவ்வொரு முறை ரேஞ்சுக்குப் போகும்போதும் முதல் வேட்டை மட்டும் தனித் தாளில் சுட்டுச் சேர்த்துவையுங்கள்.

என் தேர்வு டிக்கா டி3எக்ஸ். ஆனால் லைட் மாடல் ஏறத்தாழ மூன்று கிலோதான், .308இல் தோளில் நன்றாக உதைக்கும். உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கிற பழக்கம் வந்துவிட்டால் எந்தத் துவக்கும் உதவாது. கொஞ்சம் கனமாக இருந்தால் பரவாயில்லை என்றால் ஹோவா 1500 அருமையான சாமான். வெதர்பியின் வான்கார்ட் துவக்கைச் செய்வதும் அதே ஜப்பான் ஆலைதான். மானுக்கு மட்டும் என்றால் 6.5 கிரீட்மோர் போதும், உதை குறைவு. நாளைக்கு மானைவிடப் பெரிய மூஸுக்கும் போகிற எண்ணம் இருந்தால் .308. 1952இலிருந்து இருக்கிற தோட்டா, வடக்கே எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

மிச்சக் காசைத் தோட்டாவில் போடுங்கள். ஒரே துவக்கு ஒரு கம்பனியின் 150 கிரெய்ன் (சன்னத்தின் எடை) தோட்டாவைச் சிதறடிக்கும், இன்னொன்றின் 165 கிரெய்னை ஒரே ஓட்டையில் அடுக்கும். மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, குழல் ஆற நேரம் விட்டுச் சுடுங்கள். பிடித்துப்போனதை அதே தொகுப்பெண்ணில் மொத்தமாக வாங்கிவையுங்கள். ஸ்கோப் வளையத் திருகுகளை முறுக்குமானி வைத்து, வளையம் செய்தவர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். "துவக்கு சரியில்லை" என்று என் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்களில் பலருக்கு அங்கே ஒரு திருகுதான் தளர்ந்திருக்கும்.

மஸ்கோகா மச்சான்:

சட்பரி அண்ணா சொல்வதெல்லாம் சரி, விலையில் மட்டும் நான் வேறு கட்சி. என்னிடம் இருப்பது ரூகர் அமெரிக்கன், .308. டிக்காவைவிடப் பல நூறு டொலர் குறைவு. அடுத்த தோட்டாவை ஏற்றக் கையால் இழுக்கும் போல்ட் கொஞ்சம் கரகரக்கும், தோற்றமும் சுமார்தான், ஆனால் நான் எதையும் மாற்றவில்லை, ஒரு எம்ஓஏவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மிஞ்சிய காசில் நல்ல ஸ்கோப் வாங்கினேன். மங்கல் வெளிச்சத்தில் மானின் கொம்பை அதுதான் காட்டுகிறது.

நெடுந்தீவான்:

எல்லோருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், நான் இடக்கைக்காரன். கடையில் "வலக்கை போல்ட்டே பழகிவிடும்" என்கிறார்கள். உண்மையா?

சட்பரிக்காரன்:

மேசையில் பழகும். காட்டில் இரண்டாவது வேட்டு தேவைப்படும்போது இடக்கையைத் துவக்குக்கு மேலால் கொண்டுபோய் போல்ட்டை இழுக்க வேண்டும். கன்னம் ஸ்டாக்கை விட்டு எழும்பும், மான் ஸ்கோப்பிலிருந்து போய்விடும். இடக்கை மாடலே எடுங்கள். டிக்காவிலும் சாவேஜிலும் இருக்கின்றன. கடையில் கைவசம் இருக்காது, சொல்லி எடுப்பிக்க வேண்டும். வர வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் ஓகஸ்ட் முடியமுன் சொல்லிவையுங்கள். இடக்கை டிக்காவில் நீங்கள் விரும்பும் மாடல் .308இல் இல்லை, 6.5இல் இருக்கிறது என்றால் தயங்காமல் 6.5ஐ எடுங்கள்.

வந்ததும் போல்ட்டில் ஆலை பூசிய எண்ணெயைத் துடைத்துவிட்டு மிக மெல்லிதாகப் பூசுங்கள். தடித்த எண்ணெய் குளிரில் இறுகி, தோட்டாவை அடிக்கும் ஊசியை மந்தமாக்கும். ரேஞ்சுக்குப் போகும் நாளைச் சொல்லுங்கள், சனிக்கிழமை என்றால் முறுக்குமானியோடு நான் இறங்கி வருகிறேன்.