தொழிற்துறை சிம் ரௌட்டரை வெளியிலிருந்து அணுகுவது எப்படி?

கேள்வி:
நீரேற்று நிலையமொன்றில் பிஎல்சியுடன் (பம்பை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) இணைத்துள்ள 4ஜி ரௌட்டர் இணையத்தை எட்டுகிறது. ஆனால் போர்ட் 502-ஐத் திறந்த பின்பும் அலுவலகத்திலிருந்து அதை அணுக முடியவில்லை. அதற்குக் கிடைத்துள்ள முகவரி 100.72 எனத் தொடங்குகிறது. இடையிடையே இணைப்பு அறுந்தால், யாராவது நேரில் சென்று மின்சாரத்தை நிறுத்திப் போடும்வரை மீள்வதும் இல்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
முதலில் அந்தப் போர்ட்டை மூடிவிடுங்கள். பிஎல்சியுடன் பேச அந்தப் போர்ட்டில் பயன்படும் மோட்பஸ் நெறிமுறையில் கடவுச்சொல்லே கிடையாது என்பதால், அதை எட்டுகிற எவரும் பம்பை இயக்கிவிட முடியும். இதில் சமரசமே கூடாது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள், சேவை நிறுவனம் பல சந்தாதாரர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்கானவை. ஆகவே வெளியிலிருந்து தொடங்கும் இணைப்பு உங்கள் ரௌட்டரை வந்தடையாது. ரௌட்டரே உங்கள் சர்வருக்கு விபிஎன் (இணையத்தின் வழியே செல்லும் பாதுகாக்கப்பட்ட தனி வழி) இணைப்பைத் தொடங்கும்படி அமைப்பதே சரியான வழி. வயர்கார்டு என்ற விபிஎன் வகை என்றால், இணைப்பை உயிர்ப்புடன் வைக்கும் இடைவெளியை 25 விநாடியாக வையுங்கள்.

மறுமொழி 2:
இணைப்பு அறுவதற்கு ரௌட்டரில் பிங் கண்காணிப்பை (ஒரு முகவரி பதிலளிக்கிறதா என்று அடிக்கடி சோதிப்பது) இயக்குங்கள். ஒரே முகவரியை நம்பாமல் இரண்டைச் சோதித்து, இரண்டும் தோற்றால் முதலில் மோடத்தையும், அதன் பிறகும் மீளாவிட்டால் மட்டுமே முழு ரௌட்டரையும் மறுதொடக்கம் செய்யும்படி அமையுங்கள். ஆர்எஸ்ஆர்பி (4ஜி சமிக்ஞை வலிமை) அளவு என்ன?

கேள்வி கேட்டவர்:
-113 டிபிஎம். ஆன்டெனா இரும்புப் பெட்டிக்குள்ளேயே உள்ளது.

மறுமொழி 2:
அது பலவீனமான சமிக்ஞை. ஆன்டெனாவை வெளியே, உயரத்தில் பொருத்துங்கள். இரும்புப் பெட்டி அலைகளைத் தடுத்துவிடும். கேபிளைக் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள், நீளம் கூடக்கூட சமிக்ஞை குறையும்.

மறுமொழி 1:
மேலும் நிலையங்களைச் சேர்க்கவிருந்தால், ஒவ்வொன்றின் உள் வலையமைப்புக்கும் இப்போதே வெவ்வேறு முகவரி வரம்பைக் கொடுங்கள். எல்லாமே 192.168.1.0 என்றிருந்தால் விபிஎன் வழித்தடங்கள் மோதிக்கொள்ளும்.