ஒன்பது மணிக்கு முன் மாட்டை அவிழ்க்கக் கூடாதாம்! பன்னிரண்டு மாதமுமா?

தாளடி:
பரவனாற்றுக்காரர் நேற்று எழுதியது இது: "எந்தப் பருவமானாலும் காலை ஒன்பது மணிக்கு முன் மாட்டை மேய்ச்சலுக்கு அவிழ்க்கக் கூடாது. பனிப்புல் மேய்ந்த மாடு உருப்படாது." இதற்குப் பத்துப் பேர் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்குத்தான் இரவு தூக்கம் வரவில்லை. சித்திரையில் சிதம்பரம் பக்கம் ஏது ஐயா பனி? அக்கினி நட்சத்திரத்தில் ஒன்பதுக்கு அவிழ்த்தால் பத்தரைக்கெல்லாம் மாடு நாக்கைத் தள்ளிக்கொண்டு புளியமரத்தடியில் ஒதுங்கிவிடும். நான் கோடையில் ஐந்தரைக்கு அவிழ்த்து ஒன்பதரைக்குத் திருப்புகிறேன். மறுபடி வெயில் தாழ்ந்து நான்கு மணிக்கு. மாடு நன்றாகத்தான் இருக்கிறது.

பரவனாற்றுக்காரன்:
தம்பி, நான் மாடு மேய்க்கத் தொடங்கியபோது நீர் பிறந்திருக்க மாட்டீர். 2015 நவம்பர் வெள்ளம் வடிந்த பிறகு குறிஞ்சிப்பாடிப் பக்கம் எந்தத் தொழுவத்தில் எத்தனை கன்று படுத்தது என்று எனக்குத் தெரியும். என் கன்று மூன்றுக்குத் தாடைக்கடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கியது. மருத்துவர் சாணத்தைச் சோதித்துவிட்டுத் தட்டைப்புழு என்றார். எல்லாம் விடியற்காலையில் பெருமாள் ஏரி உள்வாயில், கரைக்கு உட்பக்க நீரோரத்தில் மேய்ந்த கன்றுகள். அன்றிலிருந்து ஒன்பது மணிதான். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சும்மாவா சொன்னார்கள்?

பாகூர் ஏரிக்கரை:
பழமொழியில் ஒன்பது மணி எந்த வரியில் வருகிறது?

தாளடி:
அதைத்தான் நானும் தேடுகிறேன். மேலும், நீங்கள் சொல்லும் தட்டைப்புழுவுக்கும் பனிக்கும் என்ன உறவு? அது நத்தை வழியாக வருவது. நத்தையிலிருந்து வெளியேறிய குஞ்சுப்புழு தண்ணீரோரப் புல்லில் உறை கட்டி ஒட்டிக்கொள்ளும். பனி காய்ந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். ஒன்பது மணிக்கு மேய்ந்தாலும் வயிற்றுக்குள் போகும், பதினொன்றுக்கு மேய்ந்தாலும் போகும். ஏரி உள்வாய் ஓரத்தை விட்டு விலக்கி மேய்த்திருந்தால் உங்கள் கன்றுகள் தப்பித்திருக்கும். உருண்டைப்புழுவாக இருந்தால் நீங்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஈரம் இருக்கும்வரை அதன் குஞ்சுகள் புல் நுனிக்கு ஏறும், வெயில் ஏறியதும் கீழே இறங்கிவிடும். ஆனால் அதுவும் மழைக்காலத்துக்கும் மார்கழிக்கும்தான். சித்திரைக்கு அல்ல.

பரவனாற்றுக்காரன்:
"கொஞ்சம் உண்மை உண்டு" என்று நீரே ஒப்புக்கொண்டுவிட்டீர். நன்றி. ஒன்பது மணி.

தாளடி:
நான் எங்கே ஒப்புக்கொண்டேன்? முழுதாகப் படிக்கவும்.

செவலைப்பசு:
அண்ணா இருவருக்கும் வணக்கம். விருத்தாசலம் பக்கம் எங்கள் நிலைமை வேறு. ஐந்து மணிக்குப் பால் கறந்து சங்கத்தில் ஊற்றிவிட்டு, ஆறுக்கு நான்தான் மாட்டை ஓட்டுகிறேன். ஒன்பது மணிக்கு நூறு நாள் வேலைக்குப் போய்விடுவேன். அதற்குப் பிறகு மாட்டை யார் பார்ப்பது? பரவனாற்று அண்ணா வந்து மேய்ப்பாரா?

பரவனாற்றுக்காரன்:
அம்மா, மேய்க்க ஆள் இல்லாவிட்டால் மாடு வளர்க்கக் கூடாது.

செவலைப்பசு:
நாற்பது வருடமாக மாடு மேய்த்த அனுபவத்தில் கிடைத்த யோசனை இதுதானா? மிக நன்று.

வரப்புப்புல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மேய்ச்சல் என்று எல்லோரும் எதைச் சொல்கிறீர்கள்? ஏரி உள்வாயா, வரப்பா, முந்திரித்தோப்பா, அறுத்த வயலா? ஒவ்வொன்றிலும் ஈரம் வேறு, புல் வேறு. அதைச் சொல்லிவிட்டுப் பேசினால் எனக்குப் புரியும்.

பாகூர் ஏரிக்கரை:
அறுத்த வயல் என்றதும் நினைவு வருகிறது. கடலூர்க்காரர்கள் தை மாதம் சம்பா அறுத்த கையோடு வயலில் மாட்டை விடுகிறார்கள். அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே நெல்லுக்குள் உளுந்து தெளித்திருப்பது கண்ணுக்குத் தெரியாதா? எங்கள் பக்கம் பயறு பிடுங்கும்வரை ஒரு மாடு வயலில் இறங்காது.

தாளடி:
பாகூர்க்காரர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்ற பெருமையை அவிழ்த்துவிட்டார். உளுந்து தெளித்த வயலில் எங்கள் ஊரிலும் எவரும் மாட்டை விடுவதில்லை. பங்குனி கடைசியில் பயறு எடுத்த பிறகுதான் ஊர் மாடு இறங்கும். அப்போதுதான் கிடையும் போடுவோம். எருவுக்கு எரு ஆயிற்று.

பாகூர் ஏரிக்கரை:
போன தையில் என் மைத்துனர் வயலில் இறங்கியது எந்த ஊர் மாடு?

தாளடி:
அந்த மாட்டுக்கு நான் பொறுப்பல்ல. இதை இன்னும் எத்தனை வருடம் சொல்லப் போகிறீர்கள்?

பரவனாற்றுக்காரன்:
வயலில் எப்போது இறக்குவது என்பது அவரவர் பாடு. எந்த மாதம் இறக்கினாலும் ஒன்பது மணிக்குப் பிறகு இறக்குங்கள். நான் சொல்வது அவ்வளவுதான்.

செவலைப்பசு:
போன ஆடியில் மழை ஏமாற்றிவிட்டது. முழங்கால் உயரத்தில் வாடி நின்ற சோளத்தில் எங்கள் தெருக் கிடாரி ஒன்று புகுந்து மேய்ந்தது. அரை மணி நேரத்தில் நுரை தள்ளி விழுந்துவிட்டது. அப்போது மணி பகல் பன்னிரண்டு. பனியும் இல்லை, ஒன்றும் இல்லை.

பரவனாற்றுக்காரன்:
காலையில் வெறும் வயிற்றோடு அவிழ்த்திருப்பார்கள். ஒன்பது மணிக்கு வைக்கோல் போட்டு அனுப்பியிருந்தால் சோளத்தில் வாய் வைத்திருக்காது.

தாளடி:
வாடிய இளஞ்சோளத்தில் இருக்கும் நஞ்சுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா? பூ எடுக்காத சோளத்தில் மாட்டை விடக் கூடாது என்பது கன்று மேய்க்கும் பிள்ளைக்கும் தெரியும். அதைக்கூட ஒன்பது மணிக்குள் திணிக்கிறீர்களே!

பரவனாற்றுக்காரன்:
நஞ்சைப் பற்றி நீர் பேசுகிறீர். இரண்டு வருடம் முன்பு எனக்கு நீர் விற்ற கோ-4 தீவனப்புல் கரணை ஐந்நூறில் முளைத்தது எத்தனை தெரியுமா? அறுபது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினீரா?

தாளடி:
கரணையை வெட்டிய பிறகு காயவிடாமல் சீக்கிரம் நட வேண்டும். நீங்கள் நான்கு நாள் சாக்கில் கட்டி வெயிலில் போட்டுவிட்டு நட்டீர்கள். கணுவுக்குக் கணு காய்ந்து போயிருந்தது. என்னிடம் படம் இருக்கிறது.

பரவனாற்றுக்காரன்:
சாக்கு நிழலில் இருந்தது.

வரப்புப்புல்:
என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. ஏரி உள்வாயா, வரப்பா?

பாகூர் ஏரிக்கரை:
தம்பி, முதலில் அந்தத் தைமாத மாடு யாருடையது என்று தெரியட்டும்.

தாளடி:
இப்போது மணி எட்டு நாற்பது. என் மாடுகள் மேய்ந்து வயிறு நிறைந்து நிற்கின்றன. படம் கீழே. தாடைக்கடியில் பை ஏதாவது தொங்குகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரவனாற்றுக்காரன்:
பார்த்தேன். இடது ஓரத்தில் நிற்கும் காரி மாட்டுக்கு விலா தெரிகிறது. ஒன்பது மணிக்கு அவிழ்த்துப் பாரும். கரணைப் பணம் எப்போது வரும்?