ஆரல்வாய்மொழிக் கோட்டை: யாரு கட்டினது, யாரு பிடிச்சது?

முப்பந்தல்காத்து:
பள்ளி ஆண்டு மலருக்கு ஆரல்வாய்மொழி பத்தி ஒரு கட்டுரை எழுதணும். திருநெல்வேலி பஸ்ல போனா காத்தாலைதான் கண்ணுல படுது, கோட்டை எங்கன்னே தெரியல. இது திருவிதாங்கூரோட எல்லைக் காவல்னு எங்க ஆச்சி சொல்லுவா. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஊர்ல பேர் எடுத்தவங்க யாருன்னும் வேணும்.

தோவாளைப்பிச்சி:
டச்சுப் படையில இருந்த டிலனாய் கட்டினது. திப்பு படை வந்து உடைச்சுட்டதா கேள்வி.

கோட்டாறு அண்ணாச்சி:
திப்பு இந்தப் பக்கம் வரவே இல்ல தம்பி. 1789 டிசம்பர்ல அவர் முட்டினது வடக்கே, கொடுங்கல்லூர் பக்கம் இருந்த நெடுங்கோட்டையில. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

இங்க கோட்டை வந்ததுக்குக் காரணம் கணவாய். மலைத்தொடர் குமரிக்கு இறங்குற இடத்துல ஒரு இடைவெளி. கிழக்கேருந்து படை வந்தா இதுதான் வசதியான வழி. 1630கள்ல திருமலை நாயக்கர் படை வந்தப்ப, கணியாகுளத்துல விழுந்தவர் நம்ம பக்கத்துப் படைத்தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளை. அவர் தலைய எதிரி பாளையத்துக்குக் கொண்டுபோனதையும், அவரோட ஆளே போய் அத மீட்டு வந்ததையும் வில்லுப்பாட்டுல கேக்கணும்.

டிலனாய் 1741 குளச்சல் போர்ல பிடிபட்டவர். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அவரையே படைக்குப் பயிற்சி கொடுக்க வச்சார். பிறகு ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய கேப்டன் ஆனார். இந்த எல்லை அரணையும் கடற்கரை வட்டக்கோட்டையையும் பலப்படுத்தினதுல அவருக்குப் பெரிய பங்கு. 1777ல இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள்ள கூரை போன ஒரு சின்னக் கோயில்ல கல்லறை இருக்கு. கல்லுல லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கும். அவர் மகன் ஜோகன்னஸும் அங்கதான். 1765ல களக்காட்டுச் சண்டையில செத்த பையன். களக்காடு கணவாய்க்கு அந்தப் பக்கம், கவனிங்க. அவங்க வந்தாங்க, நாம தடுத்தோம்னு மட்டும் எழுதிடாதீங்க. இந்த வாசல் வழியா நம்ம படையும் வெளிய போயிருக்கு.

முப்பந்தல்காத்து:
அப்ப பிடிச்சது யாரு அண்ணாச்சி?

கோட்டாறு அண்ணாச்சி:
கிழக்கிந்தியக் கம்பெனிப் படை. 1809 ஜனவரியில திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய், கம்பெனிய எதிர்த்து எழும்பச் சொல்லி குண்டறை விளம்பரம் வெளியிட்டார். தலக்குளத்துக்காரர், நம்ம குமரி ஜில்லாவேதான். திருநெல்வேலிச் சீமையிலேருந்து கர்னல் செயின்ட் லெஜர் படையோட வந்து கணவாய்க்கு வெளிய முகாம் போட்டார். வாசலுக்கு நேரா மோதினா ஆள் சேதம் ஆகும்னு மேஜர் வெல்ஷ் ஒரு கூட்டத்தக் கூட்டிக்கிட்டு ராத்திரியில தெக்கு மலையில ஏறிட்டார். பாறையும் முள்ளுமா கிடக்குற மலை. அந்தப் பக்கமா வருவாங்கன்னு காவல்காரங்க நினைச்சிருக்க மாட்டாங்க. பிப்ரவரி 10 விடியக்காலம் மேலேருந்து இறங்கி அடிச்சு அரணைப் பிடிச்சாங்க. அதுக்கப்புறம் உதயகிரியும் பத்மநாபபுரமும் வெடிச் சத்தம் இல்லாமலே கைமாறிச்சு. தளவாய் வடக்கே போய் மண்ணடியில உயிர விட்டார்.

தோவாளைப்பிச்சி:
தேவசகாயம் பிள்ளைய விட்டுட்டீங்களே!

கோட்டாறு அண்ணாச்சி:
விடுவேனா? ஆனா அவர் ஊர் நட்டாலம். பத்மநாபபுரத்துல அரண்மனை வேலை. டிலனாய் பழக்கத்துல கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தார். 1745ல ஞானஸ்நானம் வாங்கினது வடக்கன்குளத்துல, அதாவது எல்லைக்கு அந்தப் பக்கம். 1752 ஜனவரி 14ல இங்க ஆரல்வாய்மொழி காத்தாடிமலையில வச்சுச் சுட்டுக் கொன்னாங்க. உடல் கோட்டாறு சவேரியார் கோயில்ல. 2022 மே மாசம் புனிதர் பட்டம் கிடைச்சுது.

பாத்தீங்கன்னா, நான் சொன்ன ஒருத்தருக்கும் ஆரல்வாய்மொழி சொந்த ஊர் இல்ல. இங்க காவல் காக்கவும், பிடிக்கவும், சாகவும் வந்தவங்கதான் எல்லாரும். உங்க கட்டுரைக்கு அதையே தலைப்பா வைக்கலாம்.

முப்பந்தல்காத்து:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. நேர்ல என்ன பாக்கலாம்?

கோட்டாறு அண்ணாச்சி:
முழுச் சுவரத் தேடாதீங்க, ஏமாந்து போவீங்க. காத்தாடிமலைக்குப் போங்க; அங்க மணியடிச்சான் பாறைன்னு ஒண்ணு, சின்னக் கல்லால தட்டினா வெண்கல மணி மாதிரி கணீர்னு கேக்கும். காலையிலயே ஏறிடுங்க, வெயிலுக்கு அப்புறம் பாறையில கால் வைக்க முடியாது. உதயகிரி இப்ப வனத்துறைப் பூங்கா. மான், பறவைக் கூண்டுன்னு பாத்துட்டுத் திரும்பிடாம உள்ள கல்லறை வரைக்கும் போங்க. கல்வெட்டுல தமிழ் எழுத்தப் படம் எடுத்தா இங்க போடுங்க, நானும் பாக்கணும்.